கொரியப் படங்களில் வீடு ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது?

இடைவேளை எழுதியது:

போன மாதம் வரை எனக்குக் கொரியப் படம் என்றால் பழிவாங்கல், சுத்தியல், ரத்தம். அதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவோடு உட்கார்ந்து 'பாரசைட்' பார்த்தேன். ஒரு ஏழைக் குடும்பம் ஒவ்வொருவராக ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் கதை. அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் வாசிக்க மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் அம்மா வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் நடக்கும் கொலையைப் பற்றியும் பேசவில்லை. "அந்தப் பணக்காரப் பொம்பளை கவர்ல இருந்து ரெண்டு மூணு நோட்டை உருவிட்டு, அப்புறம் விலைவாசிக்காகக் கூடப் போட்டிருக்கேன்னு சொன்னாளே, பார்த்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. பழைய டியூஷன் வாத்தியாருக்குக் கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதிகம் கொடுப்பதாகச் சொல்கிறாள். அதுவும் சிரித்த முகத்தோடு.

அதற்கப்புறம் தனியாக 'பர்னிங்' பார்த்தேன். பாதி புரிந்தது. ஆனால் இரண்டிலும் ஒன்று உறுத்தியது. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், ஜன்னல் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு நேரம் வருகிறது, இதையே கேமரா திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நம் ஊர்ப் படங்களில் வீடு ஒரு செட். அங்கே வீடுதான் கதையோ என்று தோன்றுகிறது. இது உண்மையிலேயே அந்த ஊர் நிலைமையா, இல்லை வெளிநாட்டு விருதுக்காகச் செய்யும் அலங்காரமா? அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவோடு பார்க்கிற மாதிரி, ரத்தம் குறைவான படம் ஒன்றும் சொன்னால் நல்லது.

('மின்சார கண்ணா'வில் இருந்து எடுத்த கதைதானே என்று சொல்ல வருபவர்களுக்கு: அந்தச் சண்டை 2020இலேயே நடந்து முடிந்துவிட்டது. தயவுசெய்து வேண்டாம்.)

---

பெட்டிக்கடை எழுதியது:

அலங்காரம்தான் என்பது என் கட்சி. 'பாரசைட்' எடுக்கப் பணம் போட்டது யார்? சிஜே என்ற பெரிய தொழில் குழுமம். சாம்சங்கை ஆரம்பித்தவரின் பேத்தி மிக்கி லீ அந்தக் குழுமத்தின் துணைத் தலைவர். 2020 ஆஸ்கர் மேடையில் கடைசியாக மைக்கைப் பிடித்துப் பேசியதும் அவர்தான். ஏழையின் அறை ஈரமாக இருக்கிறது என்று சொல்லும் படத்துக்கு, நாட்டின் பெரிய பணக்காரக் குடும்பங்களில் ஒன்று முதல் போட்டு, லாபமும் எடுக்கிறது. படம் நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு கொரியாவைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்காதீர்கள்.

---

ஈரச்சுவர் எழுதியது:

இடைவேளை, உங்கள் அம்மாவுக்கு ஒரு வணக்கம். அந்தக் கவர் எனக்குக் கண்ணில் பட்டது மூன்றாவது தடவை பார்த்தபோதுதான்.

நான் 2016இல் இருந்து 2021 வரை சியோலில் முனைவர் பட்ட மாணவி. முதல் இரண்டரை வருஷம் சில்லிம்-டொங் என்ற பகுதியில் ஒரு பஞ்சிஹாவில் இருந்தேன். இங்கே என் பெயருக்குக் காரணம் அந்த அறைதான். பஞ்சிஹா என்றால் பாதி நிலத்துக்குக் கீழே இருக்கும் வீடு. படத்தில் அந்தக் குடும்பம் இருக்கிற அதே மாதிரி. முன்பணம் 50 லட்சம் வோன், மாத வாடகை மூன்றரை லட்சம். பயந்துவிடாதீர்கள், அப்போதைய கணக்கில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் முன்பணம், 20 ஆயிரம் வாடகை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பணத்துக்குத் தரைக்கு மேல் கிடைத்த அறைகளில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அதனால் ஏழு படி கீழே இறங்கினேன்.

என் ஜன்னல் தெருவில் நடப்பவர்களின் கணுக்கால் உயரத்தில் இருந்தது. எதிர்வீட்டுக்காரரின் முகம் எனக்கு ஒரு வருஷம் தெரியாது, செருப்பு தெரியும். கழிப்பறை, படத்தில் வருவதுபோலவே, அறைத் தரையைவிட இரண்டு படி உயரத்தில் இருந்தது. அதைப் பார்த்து இயக்குநரின் குறியீடு என்று கட்டுரை எழுதியவர்கள் உண்டு. குறியீடாகவும் இருக்கலாம். அடிப்படையில் அது குழாய் சமாச்சாரம். தெருச் சாக்கடை மேலே, அறை கீழே. கழிவு மேல்நோக்கி ஓடாதல்லவா.

மழைக்காலத்தில் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை வரும். கடையில் 'தண்ணீர் குடிக்கும் நீர்யானை' என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா விற்பார்கள். உள்ளே வெள்ளை மணிகள். அலமாரியில் வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சில வாரத்தில் டப்பா நிறையத் தண்ணீராகிவிடும். ஜூலை மாதத்தில் எனக்கு ஐந்து நீர்யானை வேண்டியிருந்தது. அப்படியும் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு மஞ்சள் பட்டுப்புடவையைக் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார். திறந்தால் ஸ்கூட்டர் புகை.

2019 மே கடைசியில் 'பாரசைட்' அங்கே வெளிவந்தபோது நான் மூன்றாவது மாடிக்கு மாறி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பணக்கார வீட்டுச் சின்னப் பையன், வேலைக்கு வந்தவர்கள் மேல் ஒரே வாசனை வருகிறது என்று சொல்லும் இடத்தில், இருட்டில் என் ஜாக்கெட் காலரை முகர்ந்து பார்த்தேன். அரங்கில் பலர் சிரித்தார்கள். யார் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

இந்த அறைகள் எப்படி வந்தன என்பது ஒரு தனிக் கதை. 1968 ஜனவரியில் வட கொரியாவில் இருந்து வந்த ஒரு கமாண்டோக் குழு, அதிபர் மாளிகைக்குப் பக்கம் வரை வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில், 1970இல் கட்டடச் சட்டத்தை மாற்றினார்கள். புதிய கட்டடங்களில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள நிலவறை வேண்டும் என்றார்கள். அதில் ஆள் குடியிருக்கக் கூடாது. ஆனால் ஊரே சியோலுக்கு வந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்காரர்கள் ரகசியமாக வாடகைக்கு விட்டார்கள். 1980களில் வீட்டுப் பஞ்சம் முற்றியதும் அரசாங்கமே விதியைத் தளர்த்திவிட்டது. போருக்காக வெட்டிய பள்ளத்தில் குடும்பங்கள் குடியேறின. சியோலில் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் குடும்பங்கள் அப்படி இருப்பதாக 2020 கணக்கெடுப்பு சொன்னது.

2022 ஆகஸ்ட் 8 இரவு ஒரு மணி நேரத்தில் 140 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. என் பழைய சில்லிம்-டொங்கில், ஒரு பஞ்சிஹாவில் இரண்டு சகோதரிகளும் ஒருவரின் 13 வயது மகளும் இறந்துபோனார்கள். வெளியே தண்ணீர் நின்றால் அதன் அழுத்தத்தில் கதவு திறக்காது, ஜன்னலில் திருட்டுக்குப் பயந்து போட்ட கம்பி. மறுநாள் அப்போதைய அதிபர் யூன் சொக்-யோல் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான் அப்போது சென்னைக்குத் திரும்பியிருந்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், என் தெருவா என்று. இல்லை.

ஆகவே, பெட்டிக்கடை, பணம் யார் போட்டார்கள் என்பது சரிதான். அதே மிக்கி லீயைப் பதவி விலகச் சொல்லி முன்னாள் அதிபர் பார்க் கியூன்-ஹே ஆட்சியில் நெருக்கினார்கள் என்பதும், 'பாரசைட்' இயக்குநர் போங் ஜூன்-ஹோவும் நடிகர் சோங் காங்-ஹோவும் அந்த ஆட்சியின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள் என்பதும் கூடவே சொல்ல வேண்டியவை. ஆட்சியாளரும் வியாபாரியும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள் என்று நம்மால் அங்கே சொல்ல முடியாது.

இன்னொன்று, முன்பணம். இதைப் புரிந்துகொள்ளாமல் கொரியப் படத்தில் பாதி புரியாது. அங்கே 'ஜொன்சே' என்று ஒரு முறை. நம் ஊர்ப் போக்கியம் மாதிரி. வீட்டு விலையில் பாதிக்கு மேல் ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம், போகும்போது பணம் திரும்ப வரும். வரவேண்டும். 2022, 2023இல் வரவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருந்த வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள், இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், தற்கொலைகள் நடந்தன, 2023இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதே வருஷம் வந்த 'கான்க்ரீட் யுடோபியா' பாருங்கள். நிலநடுக்கத்தில் சியோல் முழுக்க விழுந்துவிடுகிறது, ஒரே ஒரு அடுக்குமாடி நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைக் கரப்பான்பூச்சி என்கிறார்கள். லீ பியுங்-ஹன் நடித்த தலைவர் யார் என்பதை நான் சொல்ல மாட்டேன். அவர் அந்த வீட்டுக்கு எப்படி வந்தார் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள், போதும். (அம்மாவுக்கு வேண்டாம். ரத்தம் உண்டு.)

அம்மாவுக்கு 'மைக்ரோஹாபிடாட்'. ஜியோன் கோ-வூன் என்ற பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். மிசோ என்ற பெண் வீடுவீடாகப் போய்ச் சுத்தம் செய்கிறாள். தினக்கூலி 45 ஆயிரம் வோன். அவளுக்குப் பிடித்தவை ஒரு கிளாஸ் விஸ்கி, சிகரெட், காதலன். 2015 ஜனவரியில் கொரியாவில் சிகரெட் விலை 2,500 வோனில் இருந்து ஒரே அடியாக 4,500 ஆனது, உண்மையிலேயே. வாடகையும் ஏறுகிறது. மிசோ கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்து எதை வெட்டலாம் என்று பார்க்கிறாள். வாடகையை வெட்டுகிறாள். அறையைக் காலி செய்துவிட்டு, கல்லூரிக் காலத்தில் கூட இசைக்குழுவில் இருந்த நண்பர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போகிறாள், கையில் ஒரு தட்டு முட்டையோடு. கொரியாவில் முட்டைத் தட்டு என்றால் முப்பது. முப்பது வயது ஆனவரை "ஒரு தட்டு முட்டை ஆகிவிட்டாயா" என்று கேலி செய்வார்கள். என் முப்பதாவது பிறந்தநாளுக்கு ஆய்வகத்தில் நிஜமாகவே ஒரு தட்டு கொடுத்தார்கள். ஒரு வாரம் முட்டைக்குழம்பு.

நண்பர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நோய். ஒருத்தி அலுவலகத்தில் இடைவேளையில் தனக்குத்தானே குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறாள். ஒருவன் கல்யாணத்துக்காகக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கினான், மனைவி போய்விட்டாள், 20 வருஷத் தவணை மட்டும் இருக்கிறது. வீடு இல்லாதவள் வீடு இருப்பவர்களுக்குச் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவிவிட்டுக் கிளம்புகிறாள். உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். சிகரெட்தான் பிரச்சினை என்றால் எனக்குத் தெரியாது.

கடைசியாக சப்டைட்டில். 'பாரசைட்'டில் மகள் போலிச் சான்றிதழ் செய்ததும் அப்பா, இதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு இருக்கிறதா என்று கேட்பார். கொரிய வசனத்தில் அது சியோல் தேசியப் பல்கலைக்கழகம். நான் படித்த இடம். உலகத்துக்குப் புரியவேண்டுமே என்று மாற்றிவிட்டார்கள், சரி. ஆனால் மாற்றவே முடியாத ஒன்று இருக்கிறது. பழைய வேலைக்காரம்மா நிலவறை ரகசியம் வெளியானதும் புது வேலைக்காரியை 'ஒன்னி' என்று கெஞ்சுவாள். ஒன்னி என்றால் பெண்ணுக்குப் பெண் அக்கா. சில நிமிடத்தில் நிலைமை தலைகீழாகிறது. இப்போது இவள் உறவு சொல்லிக் கெஞ்ச, அவள் வாயில் வருவது கெட்ட வார்த்தை. ஆங்கிலத்தில் வாசிக்கிறவருக்கு அது சாதாரணச் சண்டை. நமக்கு அப்படி இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவரை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே தனி டம்ளர் வைக்கிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

---

தறி எழுதியது:

ஈரச்சுவர் எழுதியதற்கு அடியில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு படம்: 'நெக்ஸ்ட் சோஹீ', 2022, இயக்குநர் ஜூலை ஜங்.

நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருஷம் இருந்தவள். என் வேலை, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழைப்பவர்களைத் துண்டிக்கவிடாமல் செய்வது. ரிட்டென்ஷன் டெஸ்க் என்பார்கள். அழுத கிழவி ஒருவரை 40 நிமிடம் பிடித்து வைத்திருந்ததற்காக எனக்கு ஒரு தடவை கைதட்டினார்கள். அவருடைய கணவர் இறந்துவிட்டார், அதனால்தான் இணைப்பு வேண்டாம் என்றார்.

படத்தில் சோஹீ தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி மாணவி. 'பயிற்சி' என்ற பெயரில் பள்ளி அவளை அதே வேலைக்கு அனுப்புகிறது. கிட்டத்தட்ட அதே காட்சி படத்திலும் வருகிறது, இறந்தவரின் இணைப்பு. நான் படத்தை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். சுவரில் பெரிய பலகை, யார் எத்தனை பேரைத் தடுத்தார்கள் என்று வரிசை. ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னது வராது, 'மாணவிதானே, ஓடிவிடுவாய்' என்று பிடித்து வைப்பார்கள்.

பாதிப் படத்தில் சோஹீ இல்லாமல் போகிறாள். மீதிப் பாதியில் பே டூ-னா நடித்த காவல் அதிகாரி ஒவ்வொரு அலுவலகமாகப் போகிறார். கம்பெனி பள்ளியைக் காட்டுகிறது. பள்ளி, வேலைவாய்ப்பு விகிதம் குறைந்தால் எங்களுக்கு நிதி வராது என்கிறது. கல்வி அலுவலகத்திலும் சுவரில் எண்கள் எழுதிய பலகை. ஒருவரும் வில்லன் இல்லை, எல்லாருக்கும் மேலே ஒரு பலகை இருக்கிறது. 2017இல் ஜொன்ஜு நகரத்தில் நடந்த உண்மைச் சம்பவத்தில் இருந்து எடுத்தது. படம் வந்தபின் 2023இல் பயிற்சி மாணவர்களுக்கான சட்டத்தைத் திருத்தினார்கள். முன்னே 2011இல் காது கேளாதோர் பள்ளி பற்றிய 'சைலன்ஸ்டு' வந்தபோதும் இப்படித்தான், சில வாரத்தில் சட்டம் மாறியது. படம் பார்த்துச் சட்டம் மாற்றுகிற ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். பதினெட்டு வயதுப் பெண் செத்து, ஆறு வருஷம் கழித்து, படம் வந்தால் மாறும். அப்படியும் சொல்லலாம்.

அம்மாவோடு பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் மறுநாள் உங்களுக்கு விடுமுறையாக இருக்கட்டும்.

---

கல்லடிப் பாலம் எழுதியது:

நான் மட்டக்களப்பு. கொரியாவில் நாலு வருசமும் பத்து மாதமும் வேலை செய்தவன். அந்த விசாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும், ஐந்து வருசம் ஆகவிட்டால் நிரந்தரமாக இருக்கக் கேட்கலாம் என்று அதற்கு முன்னமே அனுப்பிவிடுவார்கள். ஆன்சானில் இரும்புப் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை. முதலில் படித்த கொரியச் சொல் 'பல்லி பல்லி'. கெதியாகச் செய் என்று அர்த்தம். முதல் நாள் சுவரைப் பார்த்தேன், பல்லியைக் காணவில்லை.

ஈரச்சுவர் அக்கா அரைவாசி நிலத்துக்குக் கீழே இருந்தார். நாங்கள் கொண்டெய்னரில். கப்பலில் சாமான் ஏற்றுகிற பெட்டிதான், உள்ளே கட்டிலும் ஒரு மின்சார மெத்தையும். குளிருக்கு அந்த மெத்தை, முகத்துக்கு ஒன்றுமில்லை. பரவாயில்லை, எங்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. தோட்டத்தில் வேலை செய்த கம்போடியாப் பெண்கள் பாடுதான் மோசம். கொரியாவில் குளிர்காலத்திலும் கீரை, மிளகாய் பயிரிட நீளமாகப் பொலித்தீன் கூடாரம் கட்டுவார்கள், 'வினில் ஹவுஸ்' என்று பெயர். அதற்குள்ளேயே தகரத்திலும் பலகையிலும் ஒரு அறை அடித்து வேலையாட்களை வைப்பார்கள். 2020 டிசம்பரில் பொச்சொன் என்ற இடத்தில் அப்படியான அறையில் ஒரு கம்போடியாப் பெண் உறைகுளிர் இரவில் இறந்தார். ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர். அதற்குப் பிறகுதான் அப்படி இடம் கொடுக்கிற முதலாளிக்கு ஆள் தரமாட்டோம் என்று அரசாங்கம் சொன்னது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடைவேளை 'பர்னிங்' பாதி புரிந்தது என்று எழுதினார். அந்தப் பணக்காரப் பொடியன் பென், இரண்டு மாதத்துக்கு ஒருக்கா எதைக் கொளுத்துகிறேன் என்கிறான்? அதே வினில் ஹவுஸ். ஒருவருக்கும் பிரயோசனமில்லாதது, கண்ணுக்கு அசிங்கமானது, கொளுத்தச் சொல்லிக் காத்திருக்கிறது என்கிறான். நான் இந்தப் படத்தை ஊருக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். அவன் அப்படிச் சொன்ன நேரம் எனக்கு வேறு ஒன்றும் காதில் விழவில்லை. உள்ளே ஆள் இருந்தால்?

மற்றபடி கொரியப் படத்தில் எங்களைக் காணக் கிடைக்காது. கண்டால் அநேகமாகக் கத்தியோடுதான். 2017இல் வந்த 'மிட்நைட் ரன்னர்ஸ்' படத்தில் சீனாவிலிருந்து வந்த கொரிய வம்சத்தவர் பெண்களைக் கடத்துகிற கும்பல். அவர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். 'ஸ்குவிட் கேம்' தொடரில் பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி அலி இருக்கிறான். அவன் கூட விளையாடுகிற கொரியன் சாங்-வூவை 'சாஜங்னிம்' என்பான், முதலாளி என்று. என்னைத் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தச் சொல் வரும். சாங்-வூ, 'ஹ்யோங்' என்று கூப்பிடு என்பான், அண்ணன். அந்த அண்ணன் பிறகு அவனை ஏமாற்றிச் சாகவிட்டான். சாஜங்னிம் என்றே கூப்பிட்டிருக்கலாம்.

---

ஈரச்சுவர் எழுதியது:

கல்லடிப் பாலம், நான் 'பர்னிங்' பற்றி வகுப்பில் ஒரு கட்டுரையே படித்திருக்கிறேன். கூடாரம் என்றால் படத்தில் காணாமல்போகும் பெண், அந்தப் பெண் என்றால் கூடாரம் என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். உள்ளே யாராவது குடியிருக்கலாம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. 2022 பூசான் விழாவில் 'கிரீன்ஹவுஸ்' என்றே ஒரு படம் வந்தது, லீ சோல்-ஹுயி இயக்கியது. கண் தெரியாத முதியவரையும் அவர் மனைவியையும் பராமரிக்கும் ஒரு கொரியப் பெண் வினில் ஹவுஸில் வாழ்கிறாள், மகன் வருவதற்குள் ஒரு வீடு பிடிக்கவேண்டும் என்று. அதைப் பாருங்கள். ஆனால் அதிலும் நீங்கள் சொன்னவர்கள் இல்லை.

இடைவேளை, 'பர்னிங்' எடுத்த லீ சாங்-டொங்கின் 'போயட்ரி'யை விட்டுவிட்டேன். 2010. ஒரு பாட்டியின் பேரன் உட்பட ஆறு பையன்கள் ஒரு பள்ளிப் பெண்ணைக் கெடுக்கிறார்கள், அவள் ஆற்றில் விழுகிறாள். பையன்களின் அப்பாக்கள் ஒரு உணவகத்தில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். ஆளுக்கு 50 லட்சம் வோன், ஆறு பேருக்கு 3 கோடி, செத்த பெண்ணின் அம்மாவிடம் கொடுத்து முடித்துவிடலாம். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள் தெரியுமா? பாட்டி எழுந்து வெளியே போய்ப் பூவைப் பார்க்கிறாள். உங்கள் அம்மா கவரைக் கவனித்தவர், இதைத் தாங்குவார். அந்தத் தொகையை நான் முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: 50 லட்சம், என் பஞ்சிஹா முன்பணம்.

பாட்டியாக நடித்த யூன் ஜியோங்-ஹீ 1960களின் பெரிய நட்சத்திரம். படத்தில் அவருக்கு மறதி நோய் ஆரம்பிக்கும். நிஜத்திலும் வந்தது. 2023 ஜனவரியில் பாரிஸில் காலமானார்.

---

பெட்டிக்கடை எழுதியது:

அலங்காரம் என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். சிஜே பற்றிச் சொன்னதை வாங்கவில்லை.

---

இடைவேளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவோடு 'மைக்ரோஹாபிடாட்' பார்த்தோம். சிகரெட்டுக்கு முகம் சுளிக்கவே இல்லை. "கூலி வாங்கின கையால அவ குடிக்கிறா, உனக்கென்ன" என்றார். அவள் நண்பர் வீடுகளில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் மட்டும் "விடுடி, அவளே கழுவட்டும்" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஹான் ஆற்றங்கரையில் அந்தக் கூடாரம் வந்தது. உள்ளே விளக்கு எரிகிறது. அதோடு முடிந்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை, ஈரச்சுவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தக் கூடாரம் போடுகிற இடத்துக்கு வாடகை உண்டா?

---

ஈரச்சுவர் எழுதியது:

வாடகை இல்லை. ஆனால் ராத்திரி தங்க அனுமதியும் இல்லை. படம் வந்து ஒரு வருஷம் கழித்து, 2019இல் சியோல் நகராட்சி விதியை இன்னும் இறுக்கியது. குறித்த இடத்தில் மட்டும், சின்னக் கூடாரமாக இருக்கவேண்டும், இரண்டு பக்கம் திறந்தே இருக்கவேண்டும், மாலை 7 மணிக்கு மடித்துவிட வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். மீறினால் அபராதம் உண்டு. அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.